வீட்டுப் பயிற்சிக்குப் பேஸ் கிதார் ஆம்ப்ளிபயர்: வாங்கும் முன் அறிய வேண்டியவை

பிள்ளைகளின் இசைப் பயிற்சி இன்று நடுத்தரக் குடும்பங்களின் வரவு செலவுத் திட்டத்தில் நிலையான இடத்தைப் பெற்றுவிட்டது. வீணை, வயலின், கீபோர்டு ஆகியவற்றை வாங்கிய வீடுகளில் இப்போது பேஸ் கிதாரும் நுழையத் தொடங்கியுள்ளது. ஷில்லாங், கொல்கத்தா, கோவா, பெங்களூரு ஆகிய ஊர்களின் இசைக்குழுக்களுக்கு இது பழகிய கருவி. தமிழ்த் திரையிசை கேட்டு வளர்ந்த நமக்கும் இதன் நாதம் புதிதன்று; இளையராஜாவின் பாடல்கள் பலவற்றில் பாடகரின் குரலுக்குக் கீழே தனிவழியில் நடந்து செல்லும் கனத்த ஒலி இக்கருவியினுடையதே. ஏ. ஆர். ரகுமானின் மேடைகளில் பேஸ் வாசித்துப் பெயர் பெற்ற மும்பைக் கலைஞர் மோகினி தேயைப் பார்த்து, பெண்பிள்ளைகளும் இதனைக் கற்க முன்வருகின்றனர்.

எனினும், பேஸ் கிதாரை வாங்குவதோடு செலவு முடிந்துவிடுவதில்லை. இதன் உடல் உட்கூடு இல்லாத திண்ணிய மரப்பலகை. ஆம்ப்ளிபயர் இல்லாமல் மீட்டினால் வாசிப்பவருக்கே ஒலி சரிவரக் கேட்காது. ஆகவே இரண்டாவது பொருளையும் வாங்கியே தீர வேண்டும். கடையில் எழும் முதற்கேள்வி “எத்தனை வாட்?” என்பதாகவே இருக்கும். வீட்டுப் பயிற்சியைப் பொறுத்தவரை அது முதற்கேள்வி அன்று என்பதையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். ஆம்ப்ளிபயரை நம் வீட்டின் அளவுக்கும் சுவருக்கும் பொருத்திப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

காம்போ என்பது யாது?

பெரிய மேடைகளில் ஒலியைப் பெருக்கும் பகுதியும் ஸ்பீக்கர் பெட்டியும் தனித்தனியாக இருக்கும். இரண்டும் ஒரே பெட்டிக்குள் அமைந்தால் அதற்குக் காம்போ என்று பெயர். லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸ் என்னும் மின் கருவியை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கென்றே பேஸ்மேன் என்ற ஆம்ப்ளிபயரை அவருடைய நிறுவனம் அடுத்த ஆண்டே வெளியிட்டது. அதுவும் காம்போ வகையே. கருவிக்கு ஏற்ற ஆம்ப்ளிபயர் தேவை என்பது அன்றே உணரப்பட்ட உண்மை.

இன்று வீட்டுப் பயிற்சிக்கு விற்கப்படும் காம்போக்கள் பெரும்பாலும் 15 முதல் 50 வாட் வரை ஆற்றலும், 8 அல்லது 10 அங்குல ஸ்பீக்கரும் கொண்டவை. ஃபெண்டர் ரம்பிள் 25, ஆரஞ்சு கிரஷ் பேஸ் 25, ஆம்பெக் ஆர்பி-108 ஆகியவை 8 அங்குல ஸ்பீக்கர் கொண்டவை. ரம்பிள் 40, ஆர்பி-110 ஆகியவற்றில் இருப்பது 10 அங்குல ஸ்பீக்கர். இப்பெயர்களை எடுத்துக்காட்டாகவே தருகிறோம், பரிந்துரையாக அன்று.

தடித்த தந்தியின் கணக்கு

நான்கு தந்திப் பேஸ் கிதாரின் மிகத் தடித்த தந்தி, விரல் வைக்காமல் மீட்டும்போது நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. சாதாரண கிதாரின் தடித்த தந்திக்கு இந்த எண் 82. ஐந்து தந்திப் பேஸில் அது 31 வரை இறங்கும். 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் மேல். அதாவது, நம் வீட்டுப் படுக்கையறையின் நீளத்தைக் காட்டிலும் ஒலியலை நீண்டது. இத்தகைய ஒலியைத் திரைச்சீலையோ புத்தக அலமாரியோ தடுத்துவிட முடியாது. அது சுவர் வழியாகவும் தளத்தின் வழியாகவும் அடுத்த வீட்டைச் சென்றடையும்.

எட்டு அங்குல ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை முழுமையாக எழுப்ப இயலுமா என்ற ஐயம் எழலாம். இயலாது என்பதே உண்மை. ஆயினும், தந்தி அதிரும்போது அடிப்படை ஒலியோடு 82, 123, 164 ஹெர்ட்ஸ் என்ற மடங்கொலிகளும் எழுகின்றன. சிறிய ஸ்பீக்கர் இவற்றைத் தெளிவாகத் தருகிறது. இவற்றைக் கேட்டதும் விடுபட்ட அடிப்படைச் சுருதியை நம் மூளையே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. இதனாலேயே சிறிய காம்போவில் பயில்பவருக்குச் சுருதி பிழையாகத் தோன்றுவதில்லை. அண்டை வீட்டாரைத் தொல்லைப்படுத்தும் ஆழ்ந்த அதிர்வும் குறைகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோருக்குச் சிறிய ஸ்பீக்கர் ஒரு குறையன்று, வசதியே ஆகும்.

வாட் எண்ணால் விளையும் மயக்கம்

தாழ்ந்த ஒலிகளை நம் செவி மந்தமாகவே உணர்கிறது. எனவேதான் சாதாரண கிதாருக்குப் போதுமான வாட் அளவு பேஸுக்குப் போதாமல் போகிறது. மேளத்துடன் கூடிய குழுவோடு வாசிக்க வேண்டுமானால் சிறிய காம்போ போதாது என்பதில் ஐயமில்லை. ஆனால் நாற்காலிக்கும் ஆம்ப்ளிபயருக்கும் இடையே நான்கடித் தொலைவே உள்ள அறையில் நிலை வேறு.

வாட் இருமடங்கானால் ஒலியளவும் இருமடங்காகும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், 15 வாட்டை 30 வாட்டாக உயர்த்தினால் கூடுவது மூன்று டெசிபல் மட்டுமே. ஒலி இருமடங்காகச் செவிக்குத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். ஆகவே, வாட் எண்ணுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுத்தால், கொடுத்த அளவுக்குப் பயன் கிட்டாது. வீட்டில் தனியே பயில 15 முதல் 30 வாட் வரை போதுமானது. ஓராண்டுக்குள் நண்பர்களுடன் சேர்ந்து வாசிக்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும், 10 அங்குல ஸ்பீக்கரும் 40 அல்லது 50 வாட்டும் கொண்டதை எண்ணிப் பார்க்கலாம்.

அண்டை வீட்டாரின் உறக்கம்

ஒலி மாசு (ஒழுங்குபடுத்தல் மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000இன்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரையறை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரமாகக் கொள்ளப்படுகிறது. இவ்வளவைக் கணக்கிடும் முறை மனிதச் செவியின் இயல்பைப் பின்பற்றுவதால், தாழ்ந்த ஒலிகளுக்குக் குறைந்த மதிப்பே தருகிறது. மீட்டர் காட்டும் எண் குறைவாக இருக்கும்போதே அடுத்த வீட்டுச் சுவர் அதிரக்கூடும். ஆகவே சட்ட வரம்பை மட்டும் துணையாகக் கொள்ளாமல், அண்டை வீட்டாரிடம் ஒருமுறை நேரில் கேட்டறிவது நல்லது. அங்கே தேர்வுக்குப் படிக்கும் மாணவரோ, நோயுற்ற முதியவரோ இருக்கலாம்.

ஆம்ப்ளிபயரை அறையின் மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி மிகும். மூலையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். தரையில் நேரடியாக வைப்பதற்குப் பதிலாக நாற்காலியின் மீதோ தடித்த ரப்பர் விரிப்பின் மீதோ வைத்தால் தளத்தில் இறங்கும் அதிர்வு குறையும். செவிக்கு நேராக ஒலி வருவதால், குறைந்த ஒலியளவிலேயே தெளிவாகவும் கேட்கும்.

கடையில் சரிபார்க்க வேண்டியவை

ஹெட்ஃபோன் இணைப்பு இருக்க வேண்டும். அதைச் செருகியதும் ஸ்பீக்கர் அடங்க வேண்டும். இரவுப் பயிற்சி இதனையே நம்பியுள்ளது. கம்பியுள்ள ஹெட்ஃபோனையே பயன்படுத்துதல் வேண்டும். புளூடூத் ஹெட்ஃபோனில் ஒலி சற்றுத் தாமதமாக வருவதால் தாளம் பிசகும். ஹெட்ஃபோனிலும் அளவு தேவை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார அமைப்பு கூறும் பாதுகாப்பு எல்லை. சிறுவர்களுக்கு அது 75 டெசிபல்.

செல்போனிலிருந்து பாடலை ஒலிக்கச் செய்து உடன் வாசிப்பதற்கான ‘ஆக்ஸ்’ இணைப்பு அடுத்த தேவை. டிரினிட்டி போன்ற தேர்வுகளுக்குப் பயில்பவருக்கு இது இன்றியமையாதது. தாழ், இடை, உச்ச ஒலிகளைத் தனித்தனியே திருத்தும் மூன்று குமிழ்கள் இருந்தால் போதும். பலவித ஒலி விளைவுகளைத் தரும் கூடுதல் வசதிகள் தொடக்கநிலையில் பயிற்சியிலிருந்து கவனத்தைத் திருப்பவே உதவும்.

கடைக்கு நம் கருவியையே எடுத்துச் சென்று, நாம் வீட்டில் வாசிக்கும் ஒலியளவில் வாசித்துப் பார்க்க வேண்டும். மிகுந்த ஒலியில் எல்லா ஆம்ப்ளிபயர்களும் நன்றாகவே தோன்றும். குறைந்த ஒலியில் ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்கிறதா என்பதே சோதனை. பழைய பொருளாயின், குமிழ்களைத் திருப்பும்போது கரகரப்பு எழுகிறதா, ஸ்பீக்கர் தாளில் கிழிசல் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டில் உள்ள சாதாரண கிதார் ஆம்ப்ளிபயரில் பேஸை இணைக்கலாமா என்று கேட்போர் உண்டு. மிகக் குறைந்த ஒலியில் தற்காலிகமாக இணைக்கலாம். ஒலியைக் கூட்டினால் அதன் ஸ்பீக்கர் பழுதடையக்கூடும். கீபோர்டு ஆம்ப்ளிபயர் இருந்தால் அது ஓரளவு பொருந்தும்.

மின்சாரம் குறித்த எச்சரிக்கை

வெளிநாட்டு உறவினர் மூலம் வாங்கினால் விலை குறையும் என்று கருதுவோர், அமெரிக்காவில் மின்னழுத்தம் 120 வோல்ட் என்பதையும் நம் நாட்டில் 230 வோல்ட் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அங்கு 120 வோல்ட்டுக்கென்றே செய்யப்பட்ட ஆம்ப்ளிபயரை இங்கே நேரடியாக இணைத்தால் பழுதாகும்; தனியே மின்மாற்றி வாங்க வேண்டும். இங்கே உத்தரவாதம் செல்லுபடியாகுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை எக்காரணம் கொண்டும் நீக்கக்கூடாது. இசைப்பவரின் விரல்கள் உலோகத் தந்திகளைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்த எர்த் இணைப்பே அவருக்குக் காப்பு.

பணக் கணக்கு

‘வட்டியில்லாத் தவணை’ என்ற அறிவிப்பைக் கண்டதும் முடிவெடுத்துவிடாமல், ரொக்கமாகக் கொடுத்தால் விலை என்ன என்று கேட்பது நம் முதல் கடமை. எடுத்துக்காட்டாக, ரூ.18,000 விலையுள்ள பொருளுக்கு ஆறு மாதத் தவணை மாதம் ரூ.3,000 என்று வைத்துக்கொள்வோம். செயலாக்கக் கட்டணம் ரூ.199, அதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் ரூ.235. அதே பொருளை ரொக்கமாக வாங்கினால் ரூ.1,000 தள்ளுபடி கிடைப்பதாகக் கொண்டால், ரூ.17,000க்கு முடிவது தவணையில் ரூ.18,235 ஆகிறது. வட்டியில்லை என்று சொல்லப்பட்ட இக்கடனுக்கு நாம் செலுத்துவது ஆண்டுக்கு ஏறத்தாழ 25 விழுக்காட்டு வட்டிக்குச் சமம்.

இதற்கு மாற்றாக ஒரு வழியைக் கூறுகிறோம். தொடக்கத்தில், கருவியிலேயே நேரடியாகச் செருகக்கூடிய சிறிய ஹெட்ஃபோன் ஆம்ப்ளிபயர் ஒன்றை வாங்கலாம். வாக்ஸ் ஆம்ப்ளக் போன்றவை உள்ளங்கையில் அடங்குபவை. காம்போவின் விலையில் சிறு பகுதியே ஆகும். அதே மாதத்தில் ரூ.1,500 வீதம் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கலாம். ஓராண்டில் ரூ.18,000 அசலும் அதற்கான வட்டியும் கைக்கு வரும். அதற்குள் பிள்ளையின் ஆர்வம் நிலைத்ததா என்பதும் தெரிந்துவிடும். நிலைத்திருந்தால், எத்தகைய காம்போ வேண்டும் என்பதை அவரே தெளிவாகச் சொல்வார்; பணமும் ஆயத்தமாக இருக்கும். ஆர்வம் மாறியிருந்தால், பயன்படாத பொருளுக்குத் தவணை கட்டும் நிலை நமக்கு நேராது. சேமிப்பு கல்விச் செலவுக்கு உதவும்.

முன்னரே தேர்ச்சி பெற்றவர்களும், ஆசிரியரின் அறிவுரைப்படி வாங்குவோரும் இவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. அவர்களும் ரசீதை ஜிஎஸ்டி எண்ணுடன் பெற்று, உத்தரவாத அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துதல் நலம்.

நாள்தோறும் அரைமணி நேரம் அமர்ந்து வாசிக்கத் தூண்டும் ஆம்ப்ளிபயரே வீட்டுக்கு ஏற்ற ஆம்ப்ளிபயர். ஒலி மிகுதியால் வீட்டார் நிறுத்தச் சொல்லும் பெரிய பெட்டியை விட, இரவு ஒன்பது மணிக்கும் எவர் உறக்கத்தையும் கெடுக்காமல் ஒலிக்கும் சிறிய பெட்டி மாணவரை விரைவில் முன்னேற்றும்.