திறந்த வெளியில் புகை பிடிக்கலாமா?

புகை பிடிப்பது உடம்புக்குக் கெடுதல் என்பதை இனி ஒருவர் எழுதிக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. சிகரெட் பெட்டியே அதைப் படம் போட்டுச் சொல்லிவிடுகிறது. நம் அன்பர்கள் சிலர் அந்தப் படத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பெட்டியைத் திறப்பதையும் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு உபதேசம் செய்வதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. நாற்சுவருக்குள் நாலு பேர் நடுவே புகைப்பது முறையன்று என்பதைப் புகைப்பவர்களே இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். எஞ்சி நிற்கும் வழக்கு, வானத்தைக் கூரையாகக் கொண்ட இடங்களைப் பற்றியது. தெரு, பஸ் நிறுத்தம், தேநீர்க் கடை வாசல், பூங்கா, பள்ளிக்கூட வாயில் ஆகிய இடங்களிலும் புகைப்பதைச் சட்டம் தடுக்கலாமா? தடுத்தால் அது நியாயமாகுமா?

ரயில்வே குமாஸ்தாவாகிய நான் எங்கள் இலாகாவின் சட்டத்திலிருந்து தொடங்குவதை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். 1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டத்தில் 110ஆம் பிரிவு இவ்விஷயத்தைப் பற்றியது. புகைப்பதற்கென ஒதுக்கப்படாத பெட்டியில், உடன் பயணம் செய்வோரின் சம்மதம் இன்றிப் புகைப்பவருக்கு 20 ரூபாய் வரை அபராதம் என்று அது விதித்தது. அந்நாளில் 20 ரூபாய் சிறு தொகை அன்று. ஆயினும் தொகையைவிடக் கவனிக்கத்தக்கது 'சம்மதம்' என்னும் சொல்லே. 99 ஆண்டுகளுக்குப் பின், 1989ல், புதிய ரயில்வே சட்டம் வந்தது. அதன் 167ஆம் பிரிவு, பெட்டியிலுள்ள வேறொரு பயணி ஆட்சேபித்தால் புகைக்கக் கூடாது என்கிறது. அபராதம் 100 ரூபாய் வரை. வேண்டுமானால் ஒரு ரயிலிலோ அதன் பகுதியிலோ புகைப்பதை அடியோடு தடுக்கும் அதிகாரமும் அப்பிரிவிலேயே நிர்வாகத்துக்கு உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் பழைய சட்டமும் புதிய சட்டமும் ஒன்று போலவே தோன்றும். ஆனால் முன்னதில் வாய் திறந்து கேட்க வேண்டியவர் புகைப்பவர். பின்னதில் வாய் திறக்க வேண்டியவர் புகையால் துன்புறுபவர்.

இவ்வேறுபாடு எவ்வளவு பெரிது என்பது நம் போன்று ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்கே நன்கு விளங்கும். 1990களின் பிற்பகுதியில், நான் சிறுவனாயிருந்தபோது, கோடை விடுமுறைக்குச் சார்மினார் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போவோம். எதிர் இருக்கைக் கனவான் சார்மினார் சிகரெட்டைப் பற்ற வைப்பார். (ஐதராபாத்தில் 1930ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வஜீர் சுல்தான் புகையிலைக் கம்பெனியின் சரக்கு அது. ரயிலுக்கும் சிகரெட்டுக்கும் ஒரே பெயராயிருந்தது எனக்கு அப்போது பெரிய வேடிக்கை.) என் தங்கைக்கு இழுப்பு உண்டு. தாயார் புடவைத் தலைப்பை நனைத்து அவள் மூக்கில் வைத்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்வாரேயன்றி ஒரு நாளும் ஆட்சேபித்ததில்லை. தெலுங்கோ உருதுவோ சரளமாக வராது; எதிரில் இருப்பவர் வயதில் மூத்தவர்; இரவு முழுவதும் அவரோடு பயணம் செய்தாக வேண்டும். இந்நிலையில் சட்டம் கொடுத்த உரிமையால் அவருக்கு என்ன பயன்?

இந்த உரிமையை வாய் திறந்து கேட்கும் பொறுப்பிலிருந்து சாமானியரை விடுவித்தவை நீதிமன்றங்கள். 1999 ஜூலை 12ந் தேதி கேரள உயர்நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்த இருவருள் ஒருவர் கல்லூரி ஆசிரியை மோனம்மா கொக்காட். பிறர் விடும் புகையைக் கட்டாயமாகச் சுவாசிக்க வைப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையைப் பறிப்பதாகும் என்பது வாதம். நீதிபதிகள் அதை ஏற்றனர். காற்றைக் கெடுத்துப் பிறர் சுகத்துக்குக் கேடு செய்வதை 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமே குற்றமாக வைத்திருந்தது என்பதையும் எடுத்துக் காட்டினர். அத்தீர்ப்பை வழங்கிய அமர்வுக்குத் தலைமை வகித்தவர் நம் தேவகோட்டையைச் சேர்ந்த நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன் என்பது நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தி. 2001 நவம்பர் 2ந் தேதி, முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றம் மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், அலுவலகம், ரயில் முதலிய இடங்களில் நாடு முழுவதற்கும் அதே தடையை விதித்தது. 2003ல் பார்லிமெண்டு சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் புகைப்பதையும் எச்சில் துப்புவதையும் ஒரே சட்டத்தில் சேர்த்துத் தடுத்ததை இங்கே ஒரு வார்த்தை பாராட்ட வேண்டும். இரண்டும் பக்கத்தில் நிற்பவன் மேல் விழும் பொருள்கள்தாமே!

நிற்க. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் இடைவெளி இருந்தது. பொது இடம் என்பதற்கு விளக்கம் கூறிவிட்டு, 'திறந்த வெளி' அதில் சேராது என்று விட்டுவிட்டார்கள். ரயில் மேடை திறந்த வெளியா? பஸ் நிறுத்தம் திறந்த வெளியா? இவ்வாறு கேள்விகள் எழவே, 2008 அக்டோபர் 2ந் தேதி அமலுக்கு வந்த விதிகள் அதைத் திருத்தின. திறந்தவெளி அரங்கம், விளையாட்டரங்கம், ரயில் நிலையம், பஸ் நிறுத்தம், 'இவை போன்ற ஏனைய இடங்கள்' ஆகியவை மக்கள் வந்து போகும் இடங்களாதலால் விலக்குப் பெறா என்று அவ்விதிகள் கூறின. அபராதம் 200 ரூபாய் வரை. ஆகவே, மெட்டுகுடா பஸ் நிறுத்தத்தில் சிகரெட்டும் கையுமாக நிற்பவர், மேலே வானம் தெரிகிறது என்று சமாதானம் சொல்ல முடியாது. அறிந்தோர் சிலரே, அறிந்து ஒதுங்குவோர் அதனினும் சிலர்.

ஆனால் 'இவை போன்ற ஏனைய இடங்கள்' என்பதில் எவை அடங்கும்? தேநீர்க் கடை வாசல் அடங்குமா? பள்ளிக்கூட வாயிலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் இடம்? மருத்துவமனை வாயிலுக்கு வெளியே நோயாளியின் உறவினர் உட்கார்ந்திருக்கும் நடைபாதை? சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. வழக்கு முழுவதும் இந்த இடங்களில்தான் இருக்கிறது.

திறந்த வெளியில் புகை காற்றோடு போய்விடும், பிறருக்குத் தீங்கில்லை என்பது எதிர்த்தரப்பு வாதம். இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2007ல் வெளியிட்ட முடிவு இது: புகைப்பவருக்கு வெகு அருகில், காற்றோட்டத்தின் வழியில் இருப்பவருக்கு, திறந்த வெளியிலும் அறைக்குள் இருப்பதற்குச் சமமான அளவில் புகைத் துகள்கள் சேரக்கூடும். ஏறக்குறைய 2 மீட்டர் தள்ளிப் போனால் வெகுவாகக் குறைந்துவிடும். சிகரெட் அணைந்ததும் அறையில் புகை தங்குவது போல் வெளியில் தங்குவதில்லை. எனவே இரு தரப்பாரும் ஒரு பாதி உண்மையைச் சொல்கிறார்கள். தெருவில் தனியே நடந்து போகிறவர் புகைப்பதால் ஊருக்கு ஒன்றும் நேராது. வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்கும் கர்ப்பிணிக்கு நேரும். கேடு விளைவிப்பது இடையிலுள்ள தூரத்தின் குறைவு. கூரை உண்டா இல்லையா என்பதன்று.

தூரம் என்றால் விலகிப் போகலாமே என்பர். யார் விலகுவது? மெட்டுகுடாவில் நம்மவர் ஒருவர் தேநீர்க் கடை நடத்துகிறார். தென்காசிப் பக்கத்தவர்; பீடி சிகரெட்டைக் கையால் தொட்டுப் புகைத்தவர் அல்லர். விடியற்காலை 5 மணிக்கு அடுப்பு மூட்டினால் இரவு 9 மணி வரை அங்கேயே நிற்கிறார். காலையில் பணிமனைக்குச் செல்வோரும் ஆட்டோ ஓட்டுநரும் ஒரு கையில் தேநீரும் மறு கையில் சிகரெட்டுமாக அவர் முகத்துக்கு எதிரே நின்று பேசுவார்கள். “கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளக் கூடாதா?” என்று அவரிடம் ஒரு நாள் கேட்டேன். “நான் எங்கே சார் தள்ளுவது? அடுப்பு இங்கேதானே இருக்கிறது” என்றார். வரிசையில் நிற்பவருக்கும், கைக்குழந்தையோடு நிழற்குடையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கும் இதே நிலைதான். விலக முடியாதவர் நிற்கும் இடத்தில், விலகக்கூடியவரே விலக வேண்டும் என்பது என் துணிபு.

மலேசியா இதைச் சட்டமாகவே செய்திருக்கிறது. நம் தமிழர் பலர் உணவுக் கடை நடத்தும் அந்நாட்டில், 2019 ஜனவரி 1 முதல், திறந்த வெளியில் மேசை போட்ட கடை உட்பட எல்லா உணவுக் கடைகளிலும் புகைப்பது தடுக்கப்பட்டது. புகைக்க விரும்புவோர் 3 மீட்டர் அப்பால் போக வேண்டும். இத்தாலியின் மிலான் நகரம் 2025 ஜனவரி முதல் தெருவிலும் தடை விதித்து, பிறரிடமிருந்து 10 மீட்டர் விலகி நிற்பவருக்கு மட்டும் விலக்களித்தது. பிரான்ஸ் அதே ஆண்டு ஜூன் இறுதியில் கடற்கரை, பூங்கா, பஸ் நிறுத்தம், பள்ளிச் சுற்றுப்புறம் ஆகியவற்றில் தடுத்தது. மிலானின் 10 மீட்டர் நம் ஊருக்கு ஒத்து வராது. மெட்டுகுடா கடைத்தெருவில் 10 மீட்டர் விலகினால் வேறு மூன்று கடை வாசலில் நிற்க நேரும்! மலேசியாவின் 3 மீட்டர் நமக்கு எட்டக்கூடியது.

அப்படியானால் தெரு முழுவதையுமே தடுத்துவிட்டால் என்ன என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அதற்கு நான் உடன்படவில்லை. தேசிய அளவில் 2016-17ல் எடுக்கப்பட்ட புகையிலைக் கணக்கெடுப்பில், வீட்டுக்குள் பிறர் புகைக்கு ஆளாகும் வயது வந்தோர் 100க்கு 38.7, பொது இடங்களில் ஆளாவோர் 25.7. அதாவது புகை தெருவைக் காட்டிலும் வீட்டிலேயே அதிகமாகத் தாக்குகிறது. ஜப்பானில் ஹிராயாமா என்னும் அறிஞர், புகைக்காத மனைவியர் 91,540 பேரை 14 ஆண்டுகள் கவனித்து, கணவர் மிகுதியாகப் புகைத்த வீடுகளில் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று 1981லேயே காட்டினார். நம் குடும்பங்களில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டுமாக வாடகைக்கு இருப்போர் எத்தனை பேர்! அவ்வீட்டுத் தலைவர் இப்போது தெருமுனைக்குப் போய்ப் புகைத்துவிட்டு வருகிறார். தெருமுனையையும் அடைத்துவிட்டால் அவர் எங்கே போவார்? ஸ்காட்லாந்தில் 2006ல் தடை வந்தபின் வீட்டுக்குள் புகைப்பது பெருகவில்லை என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள், உண்மையே. ஆனால் அங்கே அடைத்தது உள்ளிடங்களை. வெளியே போய் நிற்கத் தெரு இருந்தது.

இன்னொன்றும் உண்டு. 30 அறைக்குக் குறையாத ஹோட்டலுக்கும், 30 பேர் அமரும் உணவகத்துக்கும், விமான நிலையத்துக்கும் புகைப்பதற்கெனத் தனியிடம் வைத்துக்கொள்ள 2003ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுத்தது. பணம் உள்ளவருக்குக் கண்ணாடி அறை. கட்டட வேலை செய்து களைத்துப் பாதையோரம் குந்திப் பீடி பற்ற வைப்பவருக்கு 200 ரூபாய் ரசீதா? தெரு முழுவதும் தடை என்றால் கைக்கு முதலில் அகப்படுபவர் அவர்தாம். பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் நிஜாமாபாத்திலும் உண்டு, தென்காசியிலும் உண்டு. மேற்சொன்ன தேநீர்க் கடைக்காரரின் தாயாரே பீடி சுற்றித்தான் அவரை வளர்த்தார். பூட்டான் 2004ல் புகையிலை விற்பனையையே தடுத்துப் பார்த்தது. கள்ளக் கடத்தல் பெருகி, 2021ல் அத்தடையைக் கைவிட்டது.

ஆகவே நான் கேட்பது பெரிதொன்றும் அன்று. பஸ் நிறுத்தத்திலும் நிலையத்திலும் ஏற்கெனவே இருக்கும் தடையை மெய்யாக அமல் செய்ய வேண்டும். தேநீர்க் கடை, பள்ளி வாயில், மருத்துவமனை வாயில், குழந்தைகள் விளையாடும் பூங்கா இவற்றின் பெயரைச் சட்டத்தில் வெளிப்படையாக எழுதி, 3 மீட்டர் என்று அளவையும் குறிக்க வேண்டும். பள்ளிக்கு 100 கஜத்துக்குள் சிகரெட் விற்கக் கூடாது என்ற விதி இருக்கும்போது, அதே வாயிலில் புகைப்பதற்கு மட்டும் தெளிவான விதி இல்லாதது விந்தையே. ஒதுங்கி நிற்பதற்கு ஓர் இடத்தையும் அருகிலேயே காட்டிவிட வேண்டும். இடம் காட்டாமல் ஒதுங்கச் சொல்வது நடவாத காரியம்.

சட்டம் வரும் வரை காத்திராமல் நம் கூட்டங்களில் இதைத் தொடங்கிவிடலாம். பொங்கல் விழாவின்போது பந்தல் வாயிலில், செருப்பு விடும் இடத்தருகே, ஆடவர் வட்டமாக நின்று புகைப்பதும், பெண்டிரும் பிள்ளைகளும் அவ்வட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வருவதும் ஆண்டுதோறும் காணும் காட்சி. மைதானத்தின் வடகோடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் வேப்பமரத்தடி காலியாகவே கிடக்கிறது. அங்கே இரண்டு நாற்காலியும், மணல் நிரப்பிய ஒரு வாளியும் வைத்துவிட்டால் போதும். வாளி என் வீட்டில் இருக்கிறது.