கேஸ் அடுப்பும் சோப்பு நுரையும்

மாமல்லபுரத்துக் கடற்காற்று எதையும் சும்மா விடுவதில்லை. 8ஆம் நூற்றாண்டுக் கடற்கரைக் கோயிலின் கல்லுக்குள் இறங்கிய உப்பைத் தொல்லியல் துறையினர் ஈரக் காகிதக் கூழைப் பூசி உறிஞ்சி எடுக்கிறார்கள். கல்லுக்கே இந்தக் கதி என்றால், கரையோர வீடுகளிலும் மீன் வறுக்கும் கடைகளிலும் இருக்கும் அடுப்பின் இரும்புக் குழாயும் டியூப்பை இறுக்கும் கிளிப்பும் எம்மாத்திரம்? துரு ஏற ஏற, அடுப்பைச் சர்வீஸுக்குக் கழற்றத்தான் வேண்டும். கழற்றி மாட்டிய ஒவ்வோர் இணைப்பும் கசிய வாய்ப்புள்ள இடம்.

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணமே கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைத் துளி கலக்கிறார்கள். அதை மூக்கு சட்டென்று பிடித்துவிடும். கொஞ்ச நேரத்தில் பழகியும் போய்விடும். போதாததற்கு, காற்று வாடையை வேறு பக்கம் தள்ளிவிடும். வாயுவோ காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. தரையோடு தங்கும். ஆகவே மூக்கை மட்டும் நம்பிச் சோதிப்பது போதாது.

இணைப்பின்மேல் பூசும் சோப்பு நுரை அப்படி ஏமாற்றாது; கசிந்தால் அங்கே குமிழி எழும். ரெகுலேட்டரைத் தாண்டி வரும் வாயுவின் அழுத்தம் சொற்பம்தான், 30 செ.மீ. உயரத் தண்ணீர் தரும் அழுத்தம். ஆனால் 1 செ.மீ. குமிழி ஒன்றை ஊத அதில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம். வெறும் தண்ணீரில் குமிழி வந்தவுடன் உடைந்துவிடும். சோப்புப் படலம் எங்கே மெலிகிறதோ அங்கே பரப்பு இழுவிசை கூடும். அக்கம்பக்கத்து நீரை இழுத்துத் தன்னைத் தானே ஒட்டுப்போட்டுக்கொள்ளும். அதனால்தான் குமிழி நாம் பார்க்கும்வரை நிற்கிறது.

நொடிக்கு அப்படி ஒரு குமிழி என்றால் அற்பமாகத் தோன்றும். இரவு எட்டு மணி நேரத்தில் அது சுமார் 15 லிட்டர் வாயு. காற்றில் 100க்கு 2 பங்கு சேர்ந்தாலே பற்றும் என்பதால், 750 லிட்டர் காற்றைப் பற்றவைக்க அது போதும். சமையல் மேடைக்கு அடியில் சிலிண்டர் நிற்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள்.

கடலோரத்தில் இன்னொரு சிக்கல், போர் தண்ணீர். அதில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருந்தால் துணி சோப்பு நுரைக்காமல் வெள்ளைத் திப்பியாகிவிடும். நுரைக்காத கரைசலைப் பூசிவிட்டு 'கசிவில்லை' என்று நிம்மதியாகத் தூங்குவதைவிட ஆபத்து வேறில்லை. கேன் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விடைக் கலக்குங்கள். முதலில் ஒரு ஸ்ட்ராவால் ஊதி, நுரைக்கிறதா என்று பாருங்கள்.

ஜன்னலைத் திறந்து, நெருப்பில்லாமல், அடுப்பின் திருகுகளை மூடி, ரெகுலேட்டரை மட்டும் திறந்து வைத்துப் பூசுங்கள்: சிலிண்டர் வால்வும் ரெகுலேட்டரும் சேரும் இடம், டியூப்பின் இரு முனைகள், திருகுகளின் அடிப்பக்கம். திருகுக்குள் இருக்கும் பித்தளைக் கூம்பு கிரீஸின் உதவியால்தான் வாயுவை அடைக்கிறது. சர்வீஸில் கிரீஸ் குறைந்திருந்தால் கசிவு அங்கே தெரியும். ஒரு நிமிடமாவது பொறுத்துப் பாருங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது சோதனையல்ல, விபத்துக்கு விடும் அழைப்பு.

குமிழி வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். மின் ஸ்விட்ச் எதையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். வெளியே வந்து 1906ஐ அழையுங்கள்; அது சமையல் எரிவாயு கசிவுக்கான 24 மணி நேர அவசர எண்.