இரண்டடித் தொட்டிக்கு எவ்வளவு வெளிச்சம்?

மின்சாரம் ஒரு யூனிட் 30 காசு. சிங்கப்பூரின் வீட்டு மின்கட்டணம் காலாண்டுதோறும் ஏறி இறங்கும். பொருள் சேவை வரியையும் சேர்த்து, இந்தக் கணக்குக்காக அதை முழு எண்ணாக்கிக்கொண்டேன். தொட்டியின் நீளம் 60 செ.மீ., அகலமும் உயரமும் 45 செ.மீ. கொள்ளளவு 121.5 லிட்டர், கல்லும் மணலும் இடம்பிடித்த பின் நிற்கும் நீர் 100 லிட்டர். வீவக வீட்டின் கூடத்துக்கு அடங்கும் தொட்டி இது. இதில் எந்தப் பவளம் வாழும் என்பதை விளக்கின் அளவே தீர்மானிக்கிறது. கடையின் நீல ஒளியில் மின்னும் நிறத்தை நம்பி வாங்கியவர்களின் தொட்டிகளில்தான் வெள்ளை எலும்புக்கூடுகள் மிஞ்சுகின்றன. பவளம் உயிருள்ள விலங்கு. அப்படி ஒன்று வீணாகச் சாவதை என்னால் சிறிய இழப்பாக எண்ண முடியவில்லை.

பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெளிச்சத்தைக் கொண்டு அதற்கு வேண்டிய உணவில் பெரும்பகுதியைத் தயாரிக்கிறது. பாசி பயன்படுத்தும் ஒளி 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்பதே ‘பார்’ அளவு. உச்சிவெயிலில் கடல்பரப்பில் அது ஏறத்தாழ 2000. வீட்டுத்தொட்டியில் காளான் பவளத்துக்கு 50 முதல் 100 போதும். லெதர், சோவான்திட் வகைகளுக்கு 80 முதல் 150. ஹாமர், டார்ச் போன்ற பெரிய வாய்ப் பவளங்களும் ஏறக்குறைய அதே எல்லைக்குள் நிம்மதியாக இருக்கும். மொன்டிபோராவுக்கு 200 வேண்டும், அக்ரோபோராவுக்கு 250 முதல் 350. விளக்கு பத்து மணி நேரம் எரிந்தால் 100 பார் என்பது நாளுக்கு 3.6 மோல், 300 பார் என்பது 10.8 மோல். வாங்குமுன் தொட்டியின் மூன்று உயரங்களில் பார் மீட்டரை இறக்கி அளந்துவிடுவது நல்லது. லக்ஸ் மீட்டர் மனிதக் கண்ணுக்கேற்ப அமைந்தது. நீல எல்இடிக்கு அது தவறான எண்ணையே காட்டும்.

வெளியே உள்ள கடலும் ஒளிக்கேற்பப் பவளங்களைத் தேர்ந்திருக்கிறது. 1960களில் சிங்கப்பூர்க் கடலடியில் பத்து மீட்டர் தூரம் தெரிந்தது. நிலமீட்பும் தூர்வாரலும் கிளப்பிய வண்டலால் இப்போது சுமார் இரண்டு மீட்டர்தான் தெரிகிறது. மீட்டருக்கு 40 விழுக்காடு ஒளி குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே 2000 என்றால் மூன்று மீட்டரில் 432, ஆறு மீட்டரில் 93. பவளப்பாறையும் ஏறத்தாழ அந்த ஆழத்தோடு நின்றுவிடுகிறது. ஆனாலும் 250க்கும் மேற்பட்ட கல்பவள இனங்கள் இங்கே பதிவாகியுள்ளன. கிளைவிடும் அக்ரோபோரா அரிது. மெருலினா, பாக்கிசெரிஸ், பெக்டினியா எனத் தட்டையாக விரிந்து, கிடைக்கும் வெளிச்சத்தை அகலமாக ஏந்திக்கொள்பவையே அதிகம். மங்கலான ஒளியில் நிலைத்த இந்தப் பாறைகளை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இனி மாதச் செலவு. மென்பவளம், பெரிய வாய்ப் பவளம், அக்ரோபோரா என மூன்று வகைத் தொட்டிகளை ஒப்பிடுகிறேன்; மூன்றும் ஒரே அளவு. வாட்டும் ஓடும் நேரமும் நான் வைத்துக்கொண்ட அனுமானங்கள்.

மென்பவளம்: விளக்கு 40 வாட், 12 யூனிட், விசிறி 3.6, பம்புகள் 21.6. மொத்தம் 37.2 யூனிட், 11.16 வெள்ளி.

பெரிய வாய்ப் பவளம்: விளக்கு 70 வாட், 21 யூனிட், சில்லர் (நீர்க்குளிரூட்டி) 37.8, பம்புகள் 21.6. மொத்தம் 80.4 யூனிட், 24.12 வெள்ளி.

அக்ரோபோரா: விளக்கு 150 வாட், 45 யூனிட், சில்லர் 54, பம்பும் கழிவை நுரையாக்கி நீக்கும் ஸ்கிம்மரும் 32.4. மொத்தம் 131.4 யூனிட், 39.42 வெள்ளி.

முதலுக்கும் கடைசிக்கும் இடையே மாதம் 28.26 வெள்ளி, ஆண்டுக்கு 339 வெள்ளி வித்தியாசம். அதில் விளக்குக்குப் போவது 9.90 மட்டுமே. குளிரூட்டத்துக்கு 15.12 போகிறது. விளக்கின் விலையை மட்டும் விசாரித்துவிட்டு வீடு திரும்புகிறவர் பெரிய செலவை விசாரிக்காமலே வருகிறார்.

குளிரூட்டத்துக்கு ஏன் இவ்வளவு? 40 வாட்டிலிருந்து 150க்குப் போனால் கூடுவது 110 வாட். அதில் பாதி ஒளியாக நீருக்குள் இறங்குகிறது என்றால், பத்து மணி நேரத்தில் 0.55 யூனிட் வெப்பம் சேரும். எங்கும் தப்பாமல் தங்கினால் 100 லிட்டர் நீரை ஏறத்தாழ ஐந்து டிகிரி சூடாக்க அது போதும். நம் ஊர்க் கூடமோ 28, 30 டிகிரியில் இருக்கிறது. 31 டிகிரி நெடுநாள் நீடித்தால் பவளம் தன் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். 2024 ஜூலையில் சிங்கப்பூர்க் கடலில் சுமார் 44 விழுக்காட்டுப் பவளங்கள் வெளுத்தது இந்த வெப்பத்தால்தான்.

மென்பவளத்துக்கு விசிறி போதும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது 0.67 யூனிட் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. ஐந்து வாட் விசிறி நாளுக்கு இரண்டு லிட்டரை ஆவியாக்கினால் மாதம் 60 லிட்டர் நன்னீர் ஊற்ற வேண்டும். கனமீட்டர் 3.24 வெள்ளி விலையில், பொருள் சேவை வரிக்கு முன், அதற்கு 20 காசுகூட ஆகாது. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதால் உப்புநீரை ஊற்றக் கூடாது.

வளரும் எலும்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அக்ரோபோரா நிறைந்த தொட்டியில் காரத்தன்மை நாளுக்கு ஒரு டிகேஎச் அலகு குறைவது இயல்பு. 100 லிட்டரில் அது 1.8 கிராம் சுண்ணாம்புக் கல். மாதத்துக்கு 54 கிராம் எலும்பு கட்டப்படுகிறது. காரத்தை ஈடுகட்ட நாளுக்கு மூன்று கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். தேக்காவின் மளிகைக் கடைகளில் கிடைக்கும் கலப்பில்லாத சமையல் சோடாவும் அதுதான். பேக்கிங் பவுடர் வேறு, அது ஆகாது. கால்சியத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும். மென்பவளத் தொட்டிக்கு வாராந்தர நீர்மாற்றமே பெரும்பாலும் போதும்: பத்து லிட்டருக்கு 380 கிராம் கடல் உப்புக் கலவை.

கல்பவளங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. இறக்குமதிக்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். இந்தியாவில் 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 117 இனங்களில் ஒன்றைக்கூடச் சென்னை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. ஆகவே இங்கே வாங்கும்போது தொட்டியில் வளர்த்துப் பிரித்த பவளத்துண்டான ஃபிராக்கையே கேளுங்கள்.

ஃபிராக்கை இறக்கும் நாளில் விளக்கு 50 விழுக்காட்டில் இருக்கட்டும். வாரம் ஐந்து விழுக்காடு கூட்டினால் ஆறாம் வார முடிவில் 80. இடையில் நிறம் வெளுத்தால் பத்து செ.மீ. கீழே நகர்த்துங்கள், பழுப்பேறினால் அதே அளவு மேலே.