றோஜர்ஸ் என்னும் பெயர்

பதுளை நகரிலுள்ள புனித மாற்கு தேவாலயம் ஓர் ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுந்ததொன்று. இலங்கைத் துப்பாக்கிப் படையைச் சேர்ந்தவரும், பதுளையில் உதவி அரசாங்க அதிபராக விளங்கியவருமான மேஜர் தோமஸ் வில்லியம் றோஜர்ஸ் 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் நாள் ஹப்புத்தளையில் இடி வீழ்ந்து இறந்தார். அவர்தம் நண்பர்கள் எழுப்பிய அத் தேவாலயம் 1857இல் திருநிலைப்படுத்தப்பட்டது. அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் ஆயிரத்து நானூற்றுக்கும் மேற்பட்டவை என எமேர்சன் டெனன்ற் 1859இல் வெளியிட்ட தமது இலங்கை நூலில் எழுதுகின்றார். அத்தனை உயிர்களைக் கொன்ற பாவமே இடியாய் வந்தது என்றும், நுவரெலியாவிலுள்ள அவரது கல்லறை மீதும் பின்னர் இடி வீழ்ந்தது என்றும் மலைநாட்டார் வழிவழியாகக் கூறிவருகின்றனர். யானை வேட்டை பற்றி எழுதினோர் பலர். ஈண்டு நாம் எடுத்துக்கொண்டது அவருடைய பெயரை மாத்திரமே. அதன் அடியைத் தேடிச் செல்வோமாயின், அது நம்மைத் தேயிலைத் தோட்டத்துப் பெயர் இடாப்பு வரையிலும் கொண்டுவந்து விடுகின்றது.

றோஜர்ஸ் என்பதன் பகுதி றோஜர் என்னும் இயற்பெயராகும். பழைய ஜெர்மானிய மொழியினத்தில் 'ஹ்றோத்' என்பது புகழைக் குறிக்கும். 'கேர்' என்பது வேலைக் குறிக்கும். இவ்விரண்டும் புணர்ந்த பெயர் பழைய ஆங்கிலத்தில் 'ஹ்றோத்கார்' என வழங்கிற்று. 'பேயோவுல்வ்' என்னும் காப்பியத்தில் வரும் டேனியர் வேந்தன் இப்பெயருடையவன். கதிர்வேல், சக்திவேல், வேலாயுதம் என மக்கட்குப் பெயரிடும் நமக்கு, கதிர்காமம் உறையும் இவ் ஊவா நாட்டை ஆண்ட துரையின் பெயரிலும் ஒரு வேல் மறைந்து கிடந்தமை சுவை பயப்பதே. ஆயினும் இவ்வொப்புமையை அளவிற்கு மேல் இழுத்தல் ஆகாது. நம்மவர் வேல் முருகன் கை வேல். ஜெர்மானியர் வேல் வெறும் படைக்கலம். மேலும், பண்டை ஜெர்மானியர் பெருமையுடைய சொற்கள் சிலவற்றை வைத்துக்கொண்டு, முன்னோர் பெயரில் ஒரு பாதியும் மற்றொருவர் பெயரில் ஒரு பாதியுமாக எடுத்து இணைத்துப் பெயரிடுதலும் உண்டு. ஆதலின் 'புகழ் வாய்ந்த வேலோன்' என்று பொருள் விரித்தல் பெரும்பாலும் பிற்காலத்தார் செய்யும் உரையேயாம்.

1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபோது, பிரெஞ்சு வாய்மொழியில் உருத்திரிந்த 'றோஜர்' என்னும் வடிவம் அவர்களோடு கடல் கடந்தது. 1086இல் தொகுக்கப்பெற்ற 'டூம்ஸ்டே' நிலவளக் கணக்கில் றோஜர் என்னும் பெயருடைய நிலக்கிழார் பலர் காணப்படுகின்றனர். றோஜர் த மொண்ட்கோமரி அவர்களுள் ஒருவர். நோர்மானியர் சென்ற இடமெங்கும் இப்பெயரும் சென்றது. 1130இல் சிசிலித் தீவின் அரசனாக முடிசூடியவனும் ஒரு றோஜரே. வென்றவன் பெயரைத் தோற்றவன் தன் பிள்ளைக்கு இடுவது உலக வழக்கு. இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஆங்கிலக் குடியானவர் தம் பழம்பெயர்களைக் கைவிட்டு வில்லியம், றொபேட், றிச்சட், றோஜர் என்று பிள்ளைகளை அழைக்கலாயினர்.

இதன் பயனாய் ஓர் இடர்ப்பாடு தோன்றிற்று. பெயர்கள் சில, மாந்தர் பலர். ஒரே ஊரில் ஐந்தாறு றோஜர்கள் இருப்பின் எவனை அழைப்பது? எனவே அடைமொழி வேண்டியதாயிற்று. தந்தை பெயர், இருந்த இடம், செய்த தொழில், உடலின் நிறமோ குணமோ என்னும் நான்கு வழிகளில் அவ்வடைமொழிகள் பிறந்தன. இவ்வழிகள் தமிழர்க்குப் புதியன அல்ல. சங்கப் புலவர் பெயர்களை நோக்குக: மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதில் ஊரும், தந்தையின் தொழிலும், மகன் என்னும் முறையும் ஒருங்கே நிற்கின்றன. கூலவாணிகன் சாத்தனாரும், உறையூர் மருத்துவன் தாமோதரனாரும் தொழிலால் பெயர் பெற்றவர்கள். வேறுபாடு யாதெனில், நக்கீரனாரின் மகனுக்குக் 'கணக்காயனார் மகனார்' என்னும் அடைமொழி செல்லாது. அவன் நக்கீரனார் மகன். ஆங்கிலேயரிடத்திலோ அடைமொழி ஒரு தலைமுறையில் நகராது நின்றுவிட்டது.

அவ்வாறு நின்றவற்றுள் ஒன்றே றோஜர்ஸ். ஈற்றிலுள்ள 'ஸ்' என்பது 'உடைய' என்னும் ஆறாம் வேற்றுமைப் பொருளது. றோஜருடைய மகன் என்பது கருத்து. இங்கிலாந்தின் தென்பகுதியிலும் வேல்ஸ் எல்லையிலும் இவ்வீறு மிகுதி. வடபகுதியில் 'சன்', அஃதாவது மகன், என்னும் சொல்லே சேர்க்கப்பட்டது. வேல்ஸ் நாட்டாரோ மகன் என்பதற்குரிய 'அப்' என்னும் சொல்லை முன்னால் வைத்தனர். அவர்கள் வாயில் றோஜர் 'றோசர்' ஆகியது. 'அப் றோசர்' ஒன்றுபட்டுப் 'புறோசர்' என்னும் புதிய குடும்பப் பெயராயிற்று.

இவற்றினும் சுவையுடையது செல்லப் பெயர்களின் வரலாறு. முத்துசாமியை முத்து என்றும், இராமாயியை ராமு என்றும் நாம் குறுக்குவதுபோல ஆங்கிலேயர் றோஜரை 'ஹொட்ஜ்' என்றும், அதனோடு எதுகைபடத் 'டொட்ஜ்' என்றும் அழைத்தனர். அவற்றினின்றும் ஹொட்ஜஸ், ஹொட்ஜ்சன், ஹொட்ஜ்கின்சன், டொட்ஜ்சன் என ஒரு பெருங் கிளை விரிந்தது. மருத்துவ நூல்களில் ஒரு நோய்க்குத் தம் பெயரை விட்டுச் சென்ற தோமஸ் ஹொட்ஜ்கினும், லூயிஸ் கரோல் என்னும் புனைபெயரால் சிறுவர்க்குக் கதை எழுதிய சார்ள்ஸ் டொட்ஜ்சனும் பெயரளவில் நம் பதுளை மேஜருக்கு உறவினரே.

அடைமொழியை நகராமல் நிறுத்தியது எது? முதற்கண் சொத்து. தந்தையின் நிலத்துக்கு உரிமை கோருவோன் தந்தையின் அடைமொழியையும் உடன் எடுத்துக்கொண்டான். அடுத்தது எழுதுகோல். 1377, 1379, 1381ஆம் ஆண்டுகளில் தலைவரி விதித்தபோது கணக்கர் ஊரூராய்ச் சென்று பெயர்களை ஏட்டில் ஏற்றினர். 1400 அளவில் இங்கிலாந்திலுள்ள குடும்பங்களுட் பெரும்பாலானவை நிலைத்த குடும்பப் பெயர் பெற்றுவிட்டன. 1538இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் கோயில்தோறும் திருமுழுக்கு, மணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிந்து வைக்கக் கட்டளை பிறந்தபின் எஞ்சியவையும் உறுதியாயின. தோமஸ் என்பவன் தன் தந்தை றோஜர் அல்லன், வில்லியம் என்று முறையிட்டிருப்பினும், பாட்டன் பெயரை எழுதிய கணக்கன் அதையே எழுதியிருப்பான்!

எழுதுகோலின் ஆற்றல் அயர்லாந்தில் இன்னும் தெளிவாகத் தெரிகின்றது. அங்கு 'மக் றுவாய்த்ரி' என ஐரிஷ் மொழிப் பெயருடைய குடும்பங்கள் இருந்தன. அப்பெயருக்கும் றோஜருக்கும் பிறப்பால் எவ்விதத் தொடர்புமில்லை. செவிக்கு ஓரளவு ஒத்திருந்தமையால் ஆங்கிலத்தில் எழுதியோர் அவர்களுட் பலரையும் றோஜர்ஸ் ஆக்கிவிட்டனர். ஆகவே இன்று றோஜர்ஸ் என்போர் அனைவரும் ஒரு குடியினர் என்று எண்ணுதல் பெருந்தவறு. வேறு வேறு ஊர்களில் வேறு வேறு றோஜர்களுக்குப் பிறந்தோரும், றோஜரே இல்லாத ஐரிஷ்காரரும் ஒரு பெயரின் கீழ் நிற்கின்றனர்.

இங்கிலாந்தில் இப்பெயர் இன்றும் கோண்வால் முதலிய தென்மேற்குப் பகுதியிலும், வேல்ஸை அடுத்த மாவட்டங்களிலும் செறிந்து காணப்படும். இடையில் 'ட்' என்னும் ஒலியைக் கூட்டி 'றொட்ஜர்ஸ்' என எழுதுவோர் ஸ்கொத்லாந்திலும் வட அயர்லாந்திலும் மிகுதி. குடியேற்றத்தின் வழி அது அவுஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து என்னும் நாடுகளில் பரந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் மிகுதியாக வழங்கும் நூறு குடும்பப் பெயர்களுள் அஃது ஒன்று. அங்கே ஐரோப்பியரேயன்றி, முன்னோர் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களும் அமெரிக்கப் பழங்குடியினரும் அப்பெயரைத் தாங்குகின்றனர். 1879இல் பிறந்த நகைச்சுவையாளர் வில் றோஜர்ஸ் செரோக்கி இனத்தவர். கல்வி உளவியல் பயிலும் ஆசிரியர்க்குக் கார்ல் றோஜர்ஸை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

இனி, ஹொட்ஜிடம் மீள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச் செல்லப் பெயருக்கு ஒரு தாழ்வு நேர்ந்தது. நகரத்துச் செல்வர் நாட்டுப்புறக் கூலியாளன் எவனையும் 'ஹொட்ஜ்' என்று குறிக்கலாயினர். மந்த புத்தியும் அழுக்குடையும் உடையவன் என்பது அதன் குறிப்பு. தோமஸ் ஹார்டி 1883இல் டோர்செற் உழவர் பற்றி எழுதிய கட்டுரையில் இதனை மறுத்தார். அவர்களோடு சென்று தங்கியிருப்பவனுக்கு ஹொட்ஜ் என்ற ஒருவன் அகப்படான். தனித்தனி முகமும் மனமும் உடைய மனிதரே அகப்படுவர் என்பது அவர் கருத்து. அவரது 'டெஸ்' நாவலைப் பாடமாகக் கற்றோர், கதைத் தலைவன் பால்பண்ணையில் தங்கியபின் இவ்வுண்மையை உணரும் பகுதியை நினைவுகூர்வர். ஒரு குடும்பப் பெயர் சிதைந்த கதையே அந்நாவலுக்கு அடிப்படை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

டோர்செற்றில் ஹொட்ஜ் எதுவோ, இலங்கைத் தோட்டத்தில் இராமசாமி அது. யூல், பேர்ணல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹொப்சன் ஜொப்சன்' என்னும் சொல்லகராதி, இராமசாமி என்பதனை இந்துக்களுக்குரிய பொதுப்பெயராகவும், சிறப்பாக இலங்கையிலுள்ள இந்தியக் கூலிகளைச் சுட்டுவதாகவும் பதிந்துள்ளது. ஹொட்ஜ் எனப்பட்டவனுக்குத் தன் மொழியில் ஒரு ஹார்டி எழுந்து வழக்காடினார். பச்சை மலையில் கொழுந்தெடுத்தவளும் கவ்வாத்து வெட்டியவனும் அத்தகைய வழக்கறிஞருக்காக நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

துரைக்கு எல்லோரும் இராமசாமியே ஆயினும் பெரட்டுக்களத்தில் அது செல்லாது. ஒரு கங்காணியின் கீழ் மூன்று இராமசாமிகள் நின்றால், கறுப்பு இராமசாமி, மேட்டு லயத்து இராமசாமி, பெரியாண்டி மகன் இராமசாமி என்று பிரித்தாக வேண்டும். நிறம், இடம், தந்தை என்பன மீண்டும் வருகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடந்ததே தோட்டத்திலும் நடந்தது. ஆனால் கிளாக்கர் அதனைச் செக்ரோலில் ஆங்கில எழுத்தில் ஏற்றும்போது தமக்குக் கேட்டவாறு ஏற்றினார். லெட்சுமி என்னும் ஒரு பெயர் செக்ரோலில் ஒரு வகையாகவும், பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் வேறொரு வகையாகவும், பள்ளி இடாப்பில் மூன்றாவது வகையாகவும் நின்றது. வீட்டில் ஒரு பெயர், வேலைக்கு ஒரு பெயர் என்றிருந்தோரும் பலர்.

இது வெறும் எழுத்துப்பிழையாய் முடியவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, 1946 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இந்நாட்டில் இடைவிடாது வாழ்ந்தமையை நிறுவ வேண்டியிருந்தது. நிறுவுதற்கு ஏடுகளையன்றி வேறு எதைக் காட்டுவர்? செக்ரோலிலுள்ள இராமசாமியும் விண்ணப்பத்திலுள்ள இராமசாமியும் ஒருவனே என்று அதிகாரி முன்னிலையில் காட்ட வேண்டிய நிலை ஏற்பட்டது. விண்ணப்பங்களுட் பெரும்பாலானவை தள்ளப்பட்டன. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரை எண்ணிக்கையாகவே பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் முடிவு செய்வதற்கு. நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பெரிதும் நீங்கியது. மேஜர் றோஜர்ஸின் முன்னோரும் கணக்கன் எழுதிய பெயரையே பெற்றனர்; எனினும், அவ்வெழுத்துப் பிழைத்தமைக்காக அவர்கள் நாடிழக்கவில்லை.

இன்றும் முதலாம் ஆண்டுக்குப் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரின் பத்திரங்களை ஒப்பு நோக்கும் ஆசிரியர், தந்தை பெயரில் ஓரெழுத்து மாறியிருப்பதைக் கண்டால் அன்றே கூறித் திருத்துவிப்பது நலம். சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பமும் தேசிய அடையாள அட்டையும் பின்னால் வருகின்றன.

தந்தையின் பெயரை முதலெழுத்தாக்கி முன்னால் வைக்கும் நம் முறையைப் 'பிற்போக்கு' என்று கூறுவோர் உளர். நான் அவ்வாறு கருதேன். ஒவ்வொரு தந்தையும் தன் பிள்ளையின் பெயரில் ஒருமுறை இடம்பெற்று, அடுத்த தலைமுறையில் ஒதுங்கிக்கொள்வது செம்மையான ஏற்பாடே. ஐஸ்லாந்து மக்கள் இன்றும் அதனையே கைக்கொள்கின்றனர். எனினும் கடல் கடந்தபின் அது நிற்பதில்லை. இலங்கைத் தோட்டங்களுக்கு மக்கள் கங்காணி வழி வந்தனர். மொரிசியஸ், றீயூனியன், நேட்டால் என்னும் இடங்களுக்கோ ஒப்பந்தக் கூலிகளாய் இலக்கமிட்ட பதிவேட்டில் ஏற்றப்பட்டுச் சென்றனர். அங்குள்ள சட்டங்கள் குடும்பப் பெயரைக் கேட்டன. பதிவேட்டிலிருந்த பெயரே பேரப்பிள்ளைகளின் குடும்பப் பெயராய் உறைந்தது. அவ்வாறு உறைந்தவற்றுள் இராமசாமியும் ஒன்று. மொரிசியஸில் ஒரு வகையாகவும், றீயூனியனில் பிரெஞ்சு முறைப்படி வேறு வகையாகவும், தென்னாபிரிக்காவில் 'ராம்சாமி' எனக் குறுகியும் அது வழங்குகின்றது. நிறவெறியாட்சியின் விளையாட்டணிகளை உலக அரங்கினின்றும் விலக்கி வைக்கப் பல்லாண்டு உழைத்து, 1992இல் பார்சலோனா ஒலிம்பிக் விழாவுக்குத் தென்னாபிரிக்க அணியை மீண்டும் அழைத்துச் சென்ற சாம் ராம்சாமியின் குடும்பப் பெயர் அதுவே.