‘அனுமதி மறுக்கப்பட்டது’: கோளாறைத் தேடும் வழி

தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையைப் படிக்கப்போனவருக்கு ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற பிழைச்செய்தி வந்தால், அவரைச் சூப்பர்யூசர் ஆக்கிவிடுவதே பலருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம். வேலை உடனே நடக்கும். ஆனால் கோளாறு எங்கே இருந்தது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் சூப்பர்யூசரிடம் உள்நுழையும் உரிமையை மட்டுமே சோதிக்கிறது. மற்ற அனுமதிச் சோதனைகள் எதுவும் அவருக்கு இல்லை. சோதனையையே நிறுத்திவிட்டு, எந்த அனுமதி குறைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. மறுப்பு என்பது ஒரு துப்பு. அதைப் பின்தொடர்வதுதான் சரியான வழி.

2005-இல் வந்த 8.1 பதிப்பு முதல் போஸ்ட்கிரெஸில் பயனர், குழு இரண்டுமே ‘ரோல்’தான். குழுவுக்குக் கொடுத்த உரிமை உறுப்பினருக்குத் தானாக வர, அந்த உறுப்புரிமைக்கு ‘இன்ஹெரிட்’ அமலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘செட் ரோல்’ கட்டளையால் அந்த ரோலுக்கு மாறிய பிறகே உரிமை செல்லும். அடுத்து, அட்டவணைகளை உள்ளடக்கிய ஸ்கீமா. வாசற்கதவு பூட்டியிருக்கையில் அறைச்சாவி உதவாததுபோல, ஸ்கீமாவில் ‘யூசேஜ்’ உரிமை இல்லாதவருக்கு அட்டவணையில் ‘செலக்ட்’ இருந்தும் பயனில்லை. இரண்டையும் கேட்டறியத் தனித்தனிச் சார்புகள் உள்ளன. அட்டவணைக்கு மட்டும் கேட்டு, ‘உரிமை இருக்கிறது’ என்ற பதிலை நம்பிக் குழம்புவோர் உண்டு. நேற்றுவரை ஓடிய அறிக்கை இன்று புதிய அட்டவணையில் தடுக்கினால், காரணம் வேறு. ‘எல்லா அட்டவணைகளுக்கும்’ என்று கொடுக்கும் அனுமதி அந்த நேரத்தில் இருப்பவற்றுக்கு மட்டுமே சேரும். இனி உருவாகப்போகிறவற்றுக்கு 2010-இல் 9.0 பதிப்பில் வந்த ‘ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலேஜஸ்’ வேண்டும். அதுவும் எந்த ரோல் அட்டவணையை உருவாக்குகிறதோ அந்த ரோலுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

சேவை நின்றுபோன நெருக்கடியில் இவ்வளவு ஆராய ஏது நேரம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பிழைச்செய்தியே பெரும்பாலும் தடுத்தது ஸ்கீமாவா அட்டவணையா என்று பெயரோடு சொல்லிவிடுகிறது. குறைந்த அனுமதியை மட்டும் கொடுக்க ஒரு கட்டளை போதும். சூப்பர்யூசர் ஆக்குவதற்கும் ஒரு கட்டளைதான் ஆகிறது. நான்கு பேர் வேலை செய்யும் இடத்தில் குழுக்கள் எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். ஆள் சிலரே ஆனாலும் மாறிக்கொண்டே இருப்பார்கள். பயனரிடமிருந்து உரிமையைத் திரும்பப் பெற்ற பிறகும், அவர் உறுப்பினராக உள்ள ஏதேனும் ஒரு குழுவின் வழியாக அது தொடரலாம். போஸ்ட்கிரெஸில் அதை மீறித் தடை போடும் ‘டினை’ கட்டளை கிடையாது. அதனால் உரிமையைக் குழுவுக்கு மட்டும் கொடுத்து, மனிதர்களைக் குழுவில் சேர்ப்பதும் நீக்குவதுமாக நிர்வகித்தால், தேட வேண்டிய வழி ஒன்றாகக் குறைகிறது.