கோல் ஏந்தியவள்

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஸ்காண்டிநேவியாவின் நார்ஸ் மக்கள் குடியேறியிருந்த கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்நெஸ் பகுதியில் ஒரு கொடுங்குளிர்காலம். வேட்டைக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். சிலர் திரும்பவே இல்லை. பஞ்சம் எப்போது தீரும்? அதைத் தெரிந்துகொள்ள, அப்பகுதியின் பெரிய விவசாயி தோர்கெல் குறி சொல்லும் தோர்பியோர்க்கை வீட்டுக்கு அழைத்தார்.

அவள் வந்த கோலத்தை 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'சிவப்பு எரிக்கின் சாகா' என்ற ஐஸ்லாந்துப் பழங்கதை நுணுக்கமாகச் சொல்கிறது. விளிம்புவரை கற்கள் பதித்த நீலப் போர்வை, கழுத்தில் கண்ணாடி மணிகள், உள்ளே வெள்ளைப் பூனைத்தோல் வைத்துத் தைத்த கருப்பு ஆட்டுக்குட்டித் தோல் முக்காடு, கையில் பித்தளைக் குமிழ் வைத்த கோல். கோழி இறகு திணித்த மெத்தையிட்டு அவளை உயர்ந்த இருக்கையில் அமர்த்தினார்கள். அவளுக்குப் பரிமாறியது ஆட்டுப்பால் கஞ்சியும், அங்கிருந்த விலங்கினம் ஒவ்வொன்றின் இதயமும்.

இத்தகைய பெண்ணுக்கு வோல்வா என்று பெயர். 'கோல் ஏந்தியவள்' என்பது பொருள். அவள் செய்த மந்திரச் சடங்கு 'சைதர்'. அந்தச் சொல்லுக்குக் கயிறு, நூல் ஆகியவற்றோடு உறவு இருக்கலாம் என்று சில மொழியறிஞர்கள் கருதுகிறார்கள். கல்லறைகளில் கிடைத்த இரும்புக் கோல்கள் சில, நூல் நூற்கும் கழியைப் போலவே இருப்பது இந்த ஊகத்துக்கு வலுச் சேர்க்கிறது.

சாகாக்கள் கிறித்தவம் பரவிய பின் எழுதப்பட்டவை. அவற்றை மட்டும் நம்ப முடியாது. மண்ணையும் கேட்க வேண்டும். டென்மார்க்கின் ஃபிர்காட் வட்டக் கோட்டையை ஒட்டிய இடுகாட்டில், கி.பி. 980 வாக்கில் ஒரு பெண்ணை வண்டியின் மேற்கூட்டில் கிடத்திப் புதைத்திருந்தார்கள். கால்விரல்களில் வெள்ளி மெட்டிகள். அருகே ஓர் உலோகக் கோல், நாற்காலி வடிவ வெள்ளித் தொங்கட்டான். கூடவே குரோசாணி ஓமத்தின் விதைகள். சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்கு இந்தச் செடியைத் தெரியும்: அளவு மீறினால் நஞ்சு, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஃபிர்காட் பெண் அதை எதற்குப் பயன்படுத்தினாள் என்பதை எலும்புகள் சொல்லாது. ஆனால் கோலும் நாற்காலியும் விதையும் ஒரே குழியில் கிடைத்ததைத் தற்செயல் என்று தள்ளிவிடுவது கடினம்.

சைதர் பெண்களின் கலையாகவே கருதப்பட்டது. ஆண் அதைச் செய்தால் இழிவு. ஆனாலும் கடவுளரின் தலைவரான ஓடினே அதைச் செய்தார் என்றும், நார்ஸ் கடவுளரிடையே அதை அறிமுகப்படுத்தியவள் ஃப்ரேயா தேவி என்றும் எழுதினார் ஐஸ்லாந்து அறிஞர் ஸ்னோரி ஸ்டுர்லுசன். சைதரை, ஆவியுலகோடு தொடர்புகொள்ளும் சாமன் மரபு எனலாமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. வடக்கே அண்டை வீட்டாராக வாழ்ந்த சாமி என்ற பழங்குடி மக்களின் சாமன்களான நோவைதிகள் முரசு அடித்து மெய்ம்மறந்து, உயிரை வேறு உலகுக்கு அனுப்பினார்கள். அந்த முரசுகளைப் பிற்காலத்தில் பாதிரிமார் தேடித்தேடிப் பறித்தார்கள். ஆண்டர்ஸ் போல்சன் என்ற சாமி முதியவரிடம் 1691இல் பறிமுதலான முரசு, 2022இல்தான் டென்மார்க்கிடமிருந்து சாமி மக்களின் உரிமைக்குத் திரும்பியது. வோல்வாவின் கதைகளிலோ முரசைவிடக் கோலும் பாட்டும்தான் முன்னே நிற்கின்றன.

தோர்கெல் வீட்டிலும் பாட்டுதான் சிக்கலானது. ஆவிகளை வரவழைக்கும் பாட்டு தெரிந்த பெண் வேண்டும் என்றாள் தோர்பியோர்க். ஐஸ்லாந்தில் வளர்ப்புத்தாயிடம் அதைக் கற்றிருந்தவள் ஒருத்தி மட்டுமே: இளம்பெண் குத்ரித். அவள் கிறித்தவள், பாட மறுத்தாள். ஊரார் உயிர் பிழைக்க உதவுவதில் குற்றமில்லை என்று வற்புறுத்திய பிறகே இசைந்தாள். பெண்கள் வோல்வாவைச் சூழ்ந்து வட்டமாக நிற்க, குத்ரித் பாடினாள். இவ்வளவு அழகான குரலைக் கேட்டதே இல்லை என்றார்கள் கூடியிருந்தவர்கள். சைதரின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. கோலும் போர்வையும் எவ்வளவு பகட்டாக இருந்தாலும், வேறொருத்தி வாய் திறக்காமல் வோல்வாவால் எதையும் காண முடியவில்லை.

வசந்தத்தோடு பஞ்சமும் நோயும் நீங்கும் என்றாள் தோர்பியோர்க். குத்ரித்துக்குப் பெரிய வம்சம் அமையும் என்றும் சொன்னாள். பின்னாளில் குத்ரித் அட்லாண்டிக்கைக் கடந்து வட அமெரிக்கக் கரையிலுள்ள வின்லாந்து போய், அங்கே ஸ்னோரி என்ற மகனைப் பெற்றாள். அவள் வழியில் ஐஸ்லாந்தின் ஆயர்கள் தோன்றினார்கள் என்று பட்டியலிட்டு முடிகிறது சாகா. வோல்வாவின் பூனைத்தோல் கையுறையைக்கூட மறக்காத அந்தச் சாகா, குத்ரித் பாடிய பாட்டிலிருந்து ஒரு சொல்லையும் எழுதிவைக்கவில்லை.