கைகாட்டியும் பிணைபூட்டும்: கால்வாய்ப் பாலத்தில் நீராவி வண்டி

இருப்புப்பாதையுடன் தமிழகத்திற்கு வந்த பிறமொழிச் சொற்களுள் பலவற்றை மக்கள் அவ்வாறே ஏற்றுக்கொண்டனர். சிலவற்றிற்குத் தாமே பெயரிட்டனர். புலவர் துணையின்றிப் பிறந்த அத்தகைய சொற்களுள் தலையாயது 'கைகாட்டி' என்பதாம். நிலையத்தின் எல்லையில் உயர்ந்த கம்பத்தில் நின்று, நீண்ட கையால் வண்டியை நிறுத்தியும் விடுத்தும் வந்த கருவிக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமைதல் அரிது. ஆயினும் அச்சொல் அவ்வமைப்பின் ஒரு பாதியையே உணர்த்துகின்றது. மறுபாதிக்குத் தமிழில் வழக்கூன்றிய பெயர் இல்லை. அம்மறுபாதி யாதென்பது, கப்பல் செல்லும்பொருட்டுத் திறக்கும் கால்வாய்ப் பாலத்தை நீராவி வண்டி கடந்த முறையை நோக்கின் நன்கு விளங்கும்.

முதற்கண் சொல்லின் அமைப்பைக் காண்போம். கையைக் காட்டுவது கைகாட்டி. ஈற்றில் நிற்கும் இகர விகுதி 'மண்வெட்டி' என்புழிக் கருவிப்பொருளையும், 'வழிகாட்டி' என்புழி வினைமுதற்பொருளையும் தரும். கைகாட்டியில் அஃது எப்பொருட்டு? நெம்புகோலை இழுக்கும் நிலையப் பணியாளனுக்கு அது கருவி. எஞ்சினில் நிற்கும் ஓட்டுநனுக்கோ அஃது ஆணையிடும் வினைமுதல். ஒரே பொருள் இருவர்க்கு இருவேறாக நிற்றலின், இருபொருளும் கொள்ளத் தடையில்லை.

கை கிடையாக நின்றால் தடை. சாய்ந்து இறங்கினால் வழி. நெம்புகோலிலிருந்து நெடுந்தொலைவு ஓடும் கம்பியே அதனை இறக்கும். கம்பி அறுந்துவிடின் எதிர்ப்பளு கையை மீண்டும் கிடையாக்கிவிடும். கருவி கெட்டால் வண்டி நிற்க வேண்டுமேயன்றி ஓடுதல் கூடாது என்பது இதன் உட்கோள். இக்கோள் தொடக்கத்திலேயே எய்தப்பட்டதன்று. இங்கிலாந்தில் நெடுங்காலம் இரவில் வெள்ளொளியே வழியெனக் குறித்தது. சிவப்புக் கண்ணாடி உடைந்து வீழ்ந்தால் தடை விளக்கே வெள்ளொளி காட்டி வண்டியை அழைக்கும் என்பது காலந்தாழ்ந்தே உணரப்பட்டது; 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பச்சை வெள்ளையின் இடத்தைப் பெற்றது. அப்பச்சைக்கு வைத்த கண்ணாடியும் நீலம் சார்ந்ததே. மண்ணெண்ணெய்ச் சுடரின் மஞ்சள் அதனூடே வருங்கால் கண்ணுக்குப் பச்சையாகத் தோன்றும்.

இனிப் பாலத்திற்கு வருவோம். நிலத்தில் தடையை மீறும் வண்டி பிறிதொரு வண்டியோடு மோதலாம், மோதாமலும் போகலாம். திறந்த பாலத்தின்முன் அவ்வையத்திற்கு இடமில்லை. ஆங்குப் பாதையே இல்லை. 1853ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து நார்வாக் என்னுமிடத்தில் நிகழ்ந்தது இதுவே. நீராவிக் கப்பல் ஒன்றன் பொருட்டுப் பாலம் திறந்திருந்தது. அங்கு வைத்திருந்த அடையாளம் ஒரு செந்நிறப் பந்து. பந்து கம்பத்தின் உச்சியில் ஏற்றப்பட்டிருந்தால் பாலம் மூடியுள்ளது. பந்து காணப்படாவிடின் திறந்துள்ளது. இன்மையே தடையாதலின் கோட்பாட்டளவில் குறையில்லை. அன்று பந்தும் ஏற்றப்பட்டிருக்கவில்லை. ஓட்டுநர் அதனை உரிய நேரத்தில் நோக்காமையின் எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் வீழ்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நியூயார்க்கில் நடந்த மருத்துவர் மாநாட்டிலிருந்து திரும்பியோர் பலர் அவருள் இருந்தனர். பதினோராண்டுகளுக்குப் பின், 1864 ஜூன் 29ஆம் நாள் இரவில், கனடாவின் ரிஷ்லியூ ஆற்றுப் பாலத்திலும் அவ்வாறே நேர்ந்தது. படகுகள் கடக்கப் பாலம் திறந்திருந்தது, செவ்விளக்கும் காட்டப்பட்டிருந்தது, பாலத்தின்முன் நின்றே செல்லவேண்டும் என்ற விதியும் இருந்தது. புதிதாகக் குடியேற வந்தோரை ஏற்றிய வண்டி நிற்கவில்லை. ஏறத்தாழ நூற்றுவர் உயிரிழந்தனர்.

இவ்விரண்டிலும் கை காட்டப்பட்டது, கண் காணவில்லை. காட்டுதல் மட்டும் காவலாகாது என்பது இவற்றாற் பெறப்படும்.

இக்குறையின் ஒரு பகுதியை நீக்கியது நெம்புகோல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் முறை. இங்கிலாந்தின் ஜான் சாக்ஸ்பி 1856இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அதன் தொடக்கங்களுள் ஒன்று. தண்டவாளக் கிளையைத் திருப்பும் கோலும் கைகாட்டியை இறக்கும் கோலும் ஒரே சட்டகத்தில் நிற்கும்; ஒன்று உரிய நிலைக்கு வந்தாலன்றி மற்றொன்று அசையாது. திறக்கும் பாலத்திற்கு இதனைப் பொருத்துங்கால் முறை பின்வருமாறு அமையும். கப்பலுக்கு வழிவிட வேண்டின் முதலில் இருபுறக் கைகாட்டிகளையும் தடைநிலையில் நிறுத்தவேண்டும். அதன் பின்னரே பாலத்தின் பூட்டுக்கோல் விடுபடும். அது விடுபட்ட பின்னரே தண்டவாள முனைகளை இணைத்திருக்கும் தாழ்களை விலக்கலாம். அதன் பின்னரே பாலம் எழும். மூடுங்கால் இவ்வரிசை தலைகீழாகும். தாழ் ஒன்று விரலளவு குறையச் செருகியிருப்பினும் பூட்டுக்கோல் திரும்பாது. அது திரும்பாதவரை கைகாட்டியை இறக்க எவராலும் இயலாது. பணியாளன் மறக்கலாம், உறங்கலாம், மேலோரின் அவசரத்திற்கு அஞ்சலாம், இரும்பு இசையாது.

ஒற்றைப்பாதையாயின் இன்னொரு காவலும் உண்டு. இரு நிலையங்களிலும் உள்ள பொறிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டு, ஒரு காலத்தில் ஒரே அடையாள வில்லையை வெளிவிடும். அதனைக் கையிற் பெறாமல் ஓட்டுநன் இடைப்பாதையில் நுழைதல் ஆகாது. ஒற்றைப்பாதையில் இரு வண்டிகள் நேர்மோதிய 1874ஆம் ஆண்டு இங்கிலாந்து விபத்தையடுத்து, டையர் என்பார் 1878இல் இப்பொறியை அமைத்தார். பெருவளையத்தில் பையிட்டு அதனுள் வில்லையை வைத்து நீட்ட, ஓடும் எஞ்சினிலிருந்து கைநுழைத்து அதனைப் பற்றும் காட்சி நீராவிக் காலத்தார் பலர் நினைவிலும் உண்டு. பாலத்தின் பூட்டை இப்பொறியுடன் இணைத்துவிட்டால், பாலம் திறந்துள்ளபோது வில்லையே வெளிவராது.

எனினும் பிணைப்பு கட்டுவது நிலையத்தான் கையையே, ஓட்டுநனை அன்று. நீண்ட கொதிகலம் அவன் முன்பார்வையை மறைக்கும். குறுக்குக் காற்றில் புகையும் ஆவியும் கண்ணெதிரே படியும். ஆதலின் பல பாலங்களில் தடைக்கைகாட்டிக்கு அப்பால் பொறிக்கிளை ஒன்றை அமைத்து, மீறிய வண்டியை மணலில் இறக்கி நிறுத்தினர். வண்டி தடம்புரளும், நீரில் வீழாது.

தமிழகத்தில் இப்பொருளுக்கு உரிய களம் பாம்பன். அது கடலிடுக்கே, ஆயினும் 19ஆம் நூற்றாண்டில் கப்பல் செல்ல ஆழப்படுத்தப்பட்டமையின் கால்வாய் எனவே வழங்குகின்றது. மண்டபத்தையும் பாம்பனையும் இணைக்கும் பாலம் 1914 பிப்ரவரி 24இல் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த அதன் நடுவே, சிகாகோவைச் சார்ந்த ஷெர்சர் வகுத்த முறையில் இரு சிறகுகள் எதிரெதிரே அமைந்திருந்தன. அவை கதவுபோல் கீல்மீது திரும்புவன அல்ல. அடியில் வளைந்த விட்டத்தின்மீது பின்னோக்கி உருண்டு எழுவன. சாய்ந்தாடும் நாற்காலியின் அசைவை ஒக்கும். எதிர்ப்பளு உண்மையால் பணியாளர் சிலர் நெம்புகோல் தள்ளிச் சுற்றியே அவற்றை உயர்த்தினர். சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கும், ஆங்கிருந்து கப்பல்வழித் தலைமன்னாருக்கும் சென்றோரை ஏற்றிய போட் மெயில் இதன்மீதே ஓடியது.

பாம்பனின் தனிச்சிறப்பு, கைகாட்டியைக் காற்றோடும் பிணைத்தமை. காற்றின் விரைவு மணிக்கு 58 கி.மீ. அளவை எய்தினால், காற்றுமானியோடு இணைந்த அடையாளம் தடைநிலைக்குச் செல்லும். கப்பலும் வண்டியும் மட்டுமன்றிக் காற்றும் அப்பாலத்தில் ஒரு கட்சியாயிற்று.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவுப் புயல் இவ்வாராய்ச்சிக்குக் கடுமையான சான்று. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற 653ஆம் எண் பயணிவண்டி, பாலத்தில் அன்று, தனுஷ்கோடியை அணுகிய கடற்கரைப் பாதையிலேயே அலையால் கவிழ்க்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிலையத்தை அடுத்த கைகாட்டி செயலற்றிருந்ததாகவும், ஓட்டுநர் சிறிது காத்திருந்து நீண்ட ஊதல் கொடுத்து முன்சென்றதாகவும் கூறுவர். இஃது உண்மையாயின் இருண்ட கை 'நில்' என்றே கூறிற்று. ஆயினும் நின்ற இடமும் கடலாகிக்கொண்டிருந்த இரவில் அவரைக் குறைகூறல் நம்மனோர்க்குத் தகாது. அப்புயலில் பாலத்தின் நிலைத்த கண்களிற் பெரும்பாலன அடித்துச் செல்லப்பட்டன. எழும் சிறகுகள் எஞ்சி நின்றன. பாலம் சில வாரங்களில் செப்பனிடப்பட்டது. தனுஷ்கோடிப் பாதை மீளவில்லை.

இனி, பெயரில்லாத அம்மறுபாதிக்கு வருவோம். 'உட்பூட்டு' என்பர் சிலர். அது பெட்டியின் அகத்துள்ள பூட்டையே நினைவூட்டும். 'பிணைபூட்டு' எனல் தகும் என்பது என் கருத்து. பிணைந்த, பிணைகின்ற, பிணையும் பூட்டு என விரியும் வினைத்தொகையாதலின் வலி மிகாது. முக்காலத்தும் விடாது பற்றிநிற்கும் இயல்பையும் அது குறிக்கும். அன்றியும் 'பிணை' என்பது வழக்குமன்றத்தில் ஒருவர்க்காக மற்றொருவர் நிற்கும் பொறுப்பையும் உணர்த்தும். பாலத்தின் தாழ் கைகாட்டிக்குப் பிணை. கைகாட்டி வண்டிக்குப் பிணை. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6இல் செங்குத்தாக உயரும் நடுக்கண்ணையுடைய புதிய பாலம் திறக்கப்பட்டது. அங்குக் கையில்லை, வண்ண விளக்குகளே உள்ளன. 'கைகாட்டி' என்ற பெயருக்கு உரிய பொருள் மறைந்துவருகின்றது. பெயர்பெறாத பிணைபூட்டோ மின்பொறி வடிவில் அங்கும் உளது.